டெமோ வண்டியின் இடது பக்கம்

டாக்டர் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று வலது பக்கம் ஒடித்தாள்.

கிரீச்ச்ச்...

பின் சீட்டில் இருந்த அவள் கணவரின் நெற்றி முன் சீட்டில் போய் மோதியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சலுகைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷோரூம் விற்பனையாளன் பாதிப் பேச்சை அப்படியே விழுங்கினான். வண்டி சாலைக்குக் குறுக்கே நின்று உறுமியது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"சைக்கிள். சந்துலேருந்து சடார்னு வந்துட்டான். மயிரிழையில தப்பிச்சான் பாவி."

கணவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இடது பக்கம் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"எந்தச் சந்து?"

அங்கே சந்து இல்லை. ஏதோ தொழிற்சாலையின் மதில் சுவர்தான் இருந்தது. அதுவும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். அவள் பல் டாக்டர். அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சொத்தைப் பல்லையும் தப்புக் கணக்கையும் தவிர வேறு எதைப் பார்த்தும் முகம் சுளித்துப் பழக்கமில்லாதவர்கள்.

சைக்கிள்காரன் நிஜமாகவே வந்தானா, இல்லையா என்று டாக்டர் கவலைப்படவில்லை. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவன் அவள் கண்ணுக்குத் தெரிந்தான்.

தெரிந்திருக்கவே கூடாது.

ஐந்தாறு மாதமாகவே அவளுக்கு இடது ஓரம் தெரிவதில்லை. நேரே பார்த்தால் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவாள். ஓரத்தில் மட்டும் யாரோ கறுப்புத் திரையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். வாய்க்குள் விளக்கடித்து ஒரே ஒரு பல்லைப் பார்க்கிற வேலைக்கு ஓரம் எதற்கு? அதனால் கிளினிக்கில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலும் தெரியவில்லை. கண் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அந்தத் திரை நகர்ந்துக்கிட்டே வரும் டாக்டர். இப்போதைக்கு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வண்டி ஓட்டுங்க. ஒரு வருஷம். அதுக்கு மேல நானே ஓட்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். கண் விஷயத்தை அல்ல. கார் வாங்கப் போகிற விஷயத்தை.

படிக்கிற காலத்திலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கார் அது. கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளினால் நாலு செகண்டில் நூறைத் தொடும். கிளினிக், பிள்ளைகள் படிப்பு, மாமியார் ஆஸ்பத்திரி என்று தள்ளிப்போட்டே ஐம்பது வயது வந்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போட இடமில்லை.

"நாலு செகண்டுல நம்ம தெரு முனையே வந்துடும். அதுக்கப்புறம் என்ன பண்ணுவே?" என்றார் கணவர்.

"திரும்பி வருவேன்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒரு வருடமாக வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய சிவப்பு டெமோ வண்டி. கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். இன்னொன்று, புத்தம் புதியது. புக் செய்தால் பத்து மாதம் கழித்து வரும். பார்வைக்கு மட்டும் ஒன்றை சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"டெமோ வண்டின்னா என்னன்னு தெரியுமா? வர்றவன் போறவனெல்லாம் மிதிச்ச கிளட்ச். பிஞ்சுல பழுத்த வண்டி. புதுசே எடு. பத்து மாசம்தானே? வண்டி எங்கே ஓடிடப் போகுது?"

வண்டி ஓடாது, கண் ஓடிவிடும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம்.

போதாக்குறைக்கு அந்த விற்பனையாளன். கழுத்தை இறுக்கும் டை. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொன்னான்.

"சாருக்கு பிக்கப் பத்தி ஒரு விஷயம்..."

"சாருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. என்கிட்ட பேசுங்க."

"கண்டிப்பா மேடம்" என்று தலையாட்டிவிட்டு, "அதாவது சார்..." என்று மறுபடியும் அவர் பக்கமே திரும்பினான். ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோதும், முடிவெடுப்பவர் சார்தான் என்று பின் சீட்டில் அவரோடு ஒட்டிக்கொண்டான். அதனால் முன்னால் இடது சீட் காலி. அவளுடைய கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

அப்படிப் போகும்போதுதான் அந்த சைக்கிள் வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் டாக்டர் கழுத்தை அசைக்கவில்லை. நேரே பார்த்தே ஓட்டினாள். இடது ஓரம் முழுசாகத் தெரிந்தது! நடைபாதை, விளக்குக் கம்பம், மஞ்சள் போர்டு வைத்த ஒரு டெய்லர் கடை... எத்தனை மாதமாயிற்று! கண் கலங்கிவிட்டது.

ஷோரூமில் இன்ஜினை அணைத்தாள். திரை விழுந்தது.

புது வண்டியில் ஏறிப் பார்த்தாள். பிளாஸ்டிக் மொறமொறத்தது. இடது பக்கம் இருட்டு. ஸ்டார்ட் செய்து பார்த்தாள். அப்போதும் இருட்டு. ஓடிப்போய் மறுபடியும் டெமோ வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். வெளிச்சம். அணைத்தாள். இருட்டு.

"என்னம்மா, ரூம் லைட் மாதிரி போட்டுப் போட்டு அணைச்சிட்டிருக்கே?"

"இதுதாங்க. இந்த வண்டிதான்."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் யோசிப்போம்" என்றார் கணவர். ஒரு கணக்கை மூன்று முறை சரிபார்க்காமல் அடிக்கோடு போடாத மனுஷர். அவளுக்கு அந்த வாரம் முழுக்க, கையில் அகப்பட்ட பல்லையெல்லாம் பிடுங்கிவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் அதே வண்டி, அதே சாலை. பின்னால் இரண்டு ஆண்கள் வாரண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"டெய்லர் கடை வருது பாருங்க. உங்க பேன்ட்டை இங்க கொடுத்து சரி பண்ணலாம்."

"எங்கே?"

"அதோ. இடது பக்கம், மஞ்சள் போர்டு."

"ஏம்மா, அது பெட்ரோல் பங்க்."

தலையைத் திருப்பினாள். பெட்ரோல் பங்க்தான். நேரே பார்த்தாள். ஓரத்தில் டெய்லர் கடை மெல்லப் பின்னால் நகர்ந்துபோனது.

வேகத்தைக் குறைத்தாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள். ஓரத்தின் அடிப்பகுதியில்... ஒரு முழங்கால்.

பக்கத்து சீட்டில் அல்ல. இன்னும் கிட்டத்தில். அவளுடைய இடது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில். அவள் உடுத்தியிருந்தது பச்சை. ஓரத்தில் தெரிந்தது சாம்பல் நிற பேன்ட். அதன்மேல் ஒரு கை. ஆண்பிள்ளைக் கை. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவது போல விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

டொக்... டொக்... டொக்... என்று சத்தம் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய பச்சை. அவளுடைய கால்.

வண்டியை ஷோரூமில் விட்டு இறங்கியதும் விற்பனையாளனைத் தனியே பிடித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்த வண்டியில யாராவது செத்திருக்காங்களா?"

அவன் சிரித்தேவிட்டான். "என்ன மேடம் நீங்க! ஒரு கீறல்கூட விழாத வண்டி. இதுல யாருக்கும் எதுவும் ஆனதில்ல. வேணும்னா எழுதியே கொடுக்கறேன்... சார், மேடம் ரொம்ப தமாஷ் சார்!"

மூன்றாவது சனிக்கிழமை. காலையிலேயே போன் வந்துவிட்டது. இன்னொருவர் டெமோ வண்டியைக் கேட்கிறாராம். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

"புதுசு" என்றார் கணவர்.

"பழசு" என்றாள் அவள்.

"காரணம் சொல்லு."

சொல்ல முடியவில்லை. கண்ணைப் பற்றிச் சொன்னால் இரண்டு வண்டியும் கிடையாது. முழங்காலைப் பற்றிச் சொன்னால் பைத்தியக்காரப் பட்டம். அந்த முழங்காலை நினைத்தால் பயம்தான். ஆனால் அந்த ஓரம் வேண்டும். அது வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது.

"கடைசியா ஒரு தடவை ஓட்டிட்டுச் சொல்றேன்" என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் இரண்டும் வெறி பிடித்த மாதிரி ஆடின. முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

இடது ஓரத்தில்... வெயில்.

காய்ந்த சாலை. புழுதி. வறண்ட ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

வலது பக்கக் கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது.

சாம்பல் பேன்ட். அதே கை. விரல்கள் தாளம் போட்டன.

நாற்சந்தி வந்தது. பச்சை விளக்கு. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

விரல்கள் நின்றன.

இடது ஓரத்தில்... நீல நிறத்தில் ஏதோ.

பெரிசாகிறது.

லாரி.

நேராக... அவளை நோக்கி...

"ஐயோ!"

பிரேக்கில் ஏறி நின்றாள். வண்டி வழுக்கியது, சுழன்றது, நின்றது.

லாரி இல்லை. நாற்சந்தி காலி. மழை மட்டும்.

இடது ஓரம் அணைந்து போயிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இருட்டு.

"என்னதான் ஆச்சு உனக்கு?" கணவர் கத்தினார். இத்தனை வருடத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. "இல்லாத சைக்கிளுக்கு ஒரு பிரேக். இப்ப எதுக்கு? சொல்லித் தொலையேன்!"

வண்டியை ஓரங்கட்டினாள். வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. விற்பனையாளன் நெகிழ்ந்துபோன டையைச் சரி செய்துகொண்டான். ஐந்து நிமிடம் போயிருக்கும். அவனுடைய போன் அடித்தது. கட் செய்தான். மறுபடியும் அடித்தது. எடுத்து, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

"ஆபீஸ் போன் சார்" என்றான். குரல் சரியாக இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அவர்கள் இல்லை.

வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை மட்டும். முழங்காலையும் லாரியையும் சொல்லவில்லை.

கணவர் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார். அவளுடைய முகத்துக்கு இடது பக்கமாகக் கையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"எங்கே?" என்றாள் அவள்.

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவரே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கிளம்பு. டெமோ வண்டி இன்னும் விக்கலையாம், கேட்டுட்டேன். அதையே எடுத்துடுவோம். பத்து மாசமெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. இனிமே நான் பின்னால உட்கார மாட்டேன். முன்னால, இடது சீட்ல உட்காருவேன். இடது பக்கம் என் பொறுப்பு."

இந்த வார்த்தைக்காக ஒரு வாரம் முன்னால் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். இப்போது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. போனாள்.

ஷோரூமில் வியாபாரச் சத்தமே இல்லை. டெமோ வண்டியின் இடது கதவு திறந்து கிடந்தது. ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். எழுந்து போனார்கள்.

விற்பனையாளன் வந்தான். டை இல்லை. கண் வீங்கியிருந்தது. முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினான்.

"இன்னிக்கு ஒரு நாள் இந்த வண்டிய விட்டுடுங்க மேடம். பசங்க கேட்டாங்க... அன்னிக்கு வந்தது ஆபீஸ் போன் இல்ல. கஸ்டமர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த வண்டிக்கு டெமோ காட்டறதுக்குன்னே ஒருத்தன் இருந்தான். என் ஃபிரெண்டு. ஒரு வருஷம் இந்த இடது சீட்லயேதான் குடியிருந்தான். போன மாசம் வேற ஊர் கிளைக்கு மாத்திட்டாங்க. அங்க புது வண்டிய ஓட்டிட்டுப் போய் டெலிவரி கொடுக்கற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நாற்சந்தியில... லாரி. அங்கேயே போயிட்டான்."

"மழையில வழுக்கிடுச்சா?" என்றார் கணவர்.

"அங்க மழையே இல்ல சார். நல்ல வெயில்."

டாக்டர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கத்திலேருந்து வந்தது லாரி?"

"இடது பக்கம் மேடம். நீலக் கலர் லாரி, மலை மாதிரி. ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்திருக்கான். இவன் பிரேக்கைத் தொடவே இல்லையாம்."

"கண்ணுல ஏதாவது கோளாறா?" கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கழுகுக் கண்ணு சார் அவனுக்கு. கண்ணாடிகூடப் போட்டதில்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஆனா அதுக்கு முந்தின ரெண்டு சனிக்கிழமையும் எனக்கு போன் பண்ணான். 'சாயங்காலம் வண்டி ஓட்டிட்டிருக்கும்போது ஒரு அரை மணி நேரம் இடது பக்கம் மட்டும் சுத்தமா தெரியலடா. அப்புறம் தானா சரியாயிடுச்சு'ன்னான்."