ஓர் அரிசி நீளம்

அந்த அக்காவுக்கு வெள்ளையம்மாள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருப்பூர் வீரபாண்டியில் நான் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் அவர் பிசிறு வெட்டுகிறவர். தைத்த துணியில் அங்கங்கே தொங்கும் நூல் முனைகளைத்தான் நாங்கள் பிசிறு என்போம். டெய்லர் தைத்து வீசிவிட்டு அடுத்த துணிக்குப் போய்விடுவான். பிசிறு வெட்டுகிறவர் ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து வெட்ட வேண்டும். கம்பெனியில் இதைவிடக் கீழான வேலை ஒன்று உண்டென்றால் அது கூட்டிப் பெருக்குவதுதான். நானும் டெய்லர், அதனால் டெய்லர்களின் திமிர் எனக்கு நன்றாகத் தெரியும்.

கமுதிப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. கைக்குழந்தையாக இருந்த மகள் ஆஷாவைத் தூக்கிக்கொண்டு, புருஷன் தவசியோடு பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தவர். தவசி சாயப் பட்டறைக்குப் போனார். இவர் பிசிறு வெட்ட உட்கார்ந்தார். பதினேழு வருஷமாக அதே வேலை. கழுத்தில் ஒரு கயிற்றில் சின்னக் கத்திரி தொங்கும். தாலிக்கு அடுத்தபடி அதைத்தான் கழற்றுவதில்லை என்று கிண்டல் செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். மிஷினில் உட்கார்ந்து டெய்லராக வேண்டும் என்பது அவர் ஆசை. போன கம்பெனியில் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க்கா?" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு சித்திரை மாதம், ஆர்டர் பிடித்து வரும் எங்கள் மெர்ச்சண்டைசர் தமிழ்மதி ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தாள். குழந்தைகள் போடும் டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு செடி, செடியைச் சுற்றி ஐந்து மின்மினி. அந்த ஐந்தும் நிஜமாகவே எரிய வேண்டுமாம். கூடவே ஒரு டப்பா. அதில் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன எல்இடி விளக்குகள், காசு மாதிரி வட்ட பேட்டரிகள், கரண்ட் பாய்கிற கம்பி நூல் ஒரு கண்டு.

"எனக்குக் கரண்டப் பத்தி என்னங்க தெரியும்? ஊட்டுல பீஸ் போனாலே பக்கத்து ஊட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு நானு" என்றேன்.

"நூல்தானுங்களே மாஸ்டர். நூல்னா நீங்கதானுங்க" என்றாள். இப்படி ஐஸ் வைத்தால் நான் உருகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் பூ கோர்க்கிற மாதிரி ஐந்து விளக்கையும் ஒரே நூலில் வரிசையாகக் கோர்த்தேன். எரியவில்லை. நாலு விளக்கை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தால் எரிந்தது. இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் அணைந்தது. பேட்டரி சரியில்லை என்று நாலு பேட்டரி மாற்றினேன். ஒரு விளக்குக்கே சரியாக இருக்கிற சக்தியை ஐந்து பேருக்கு வரிசையில் நிற்கவைத்தால் யாருக்கும் போதாது என்பது அப்போது தெரியாது. கரண்டுக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும், ஒவ்வொரு விளக்கும் இரண்டு வழிக்கும் நடுவில் உட்கார வேண்டும் என்று தமிழ்மதி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்.

இரண்டு வழிதானே, மிஷினிலேயே இருக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. ஊசியில் மேல் நூல், பாபினில் அடி நூல். இரண்டிலும் கம்பி நூலையே போட்டுத் தைத்தேன். நாலு தையலுக்கு ஒரு தரம் ஊசியில் நூல் அறுந்தது. விடாமல் தைத்து முடித்தேன். பேட்டரியை வைத்தால் விளக்கு எரியவில்லை, பேட்டரிதான் கையில் சுட்டது. தொட்டுப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பிசிறு வெட்ட வந்த வெள்ளையம்மாள் அக்கா துணியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மேநூலும் அடிநூலும் தையலுக்குத் தையல் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான கெடக்கும்? இல்லாட்டி தையலே நிக்காதுல்ல?"

"ஆமாங்க்கா."

"அப்பப் போற கரண்டும் வார கரண்டும் வழியிலேயே ஒண்ண ஒண்ணு பாத்துக்கிருமே. வெளக்குப் பக்கம் எதுக்குப் போகப் போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நூலும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தைப்பதற்குத்தான் நான் பதினெட்டு வருஷமாகப் பேர் வாங்கியிருந்தேன். தப்பாகத் தைத்ததைப் பிரித்துப் பிரித்தே காலம் தள்ளிய அவருக்குத் தையலின் அடிப்பக்கம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அதையே கட்டிக்கொண்டு அழுதோம். கம்பி நூலைப் பாபினில் மட்டும் போட்டு, மேலே சாதா நூலை விட்டு, விரல் அகலம் இடைவெளியில் இரண்டு கோடு தைத்தேன். ஏணிக்குப் படி வைக்கிற மாதிரி நடுவில் ஐந்து விளக்கையும் வைத்துக் கையால் முடிச்சுப் போட்டோம். மூன்று எரிந்தது, இரண்டு எரியவில்லை. அக்கா அந்த இரண்டையும் பிரித்து, திருப்பிக் கட்டினார், எரிந்தது. விளக்குக்கும் முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். மறுநாள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து ஒவ்வொரு விளக்குக்கும் பிளஸ் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். "பொட்டு வச்ச பக்கமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும்ப்பா" என்பார். அதன்பிறகு நாங்கள் அதில் தப்பு செய்யவே இல்லை.

அடுத்த தொல்லை பிசிறு. முடிச்சின் முனை நீண்டிருந்தால் துணி மடங்கும்போது எதிர்க் கோட்டைத் தொட்டு எல்லா விளக்கும் அணைந்தது. ஒட்ட வெட்டினால் கசக்கும்போது முடிச்சு அவிழ்ந்துகொண்டது, கம்பி நூலுக்குப் பிடிமானம் கிடையாது. எத்தனையோ முடிச்சை வெட்டி வெட்டிப் பார்த்து, கடைசியில் அக்கா ஒரு அளவைக் கண்டுபிடித்தார். ஓர் அரிசி நீளம் விட்டு வெட்ட வேண்டும், முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட வேண்டும். நகப்பூச்சு ஆஷாவுடையது, ரோஸ் கலர். அப்படிச் செய்த துணியை வாளித் தண்ணீரில் போட்டுக் கும்மி, காயவைத்து, பேட்டரியை வைத்தோம். ஐந்தும் எரிந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாக, "ஒரு பீஸு நான் தச்சுப் பாக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் வயதைப் பற்றிப் பேசவில்லை. முதல் நாள் அவர் மிதித்த மிதியில் துணி மிஷினைத் தாண்டி ஓடியது. பத்து நாளில் இரண்டு கோடும் நேராக வந்தது. வெட்டுத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆஷாவுக்கும் விளக்குக் கட்டக் காட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கலுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பதாக அக்கா பூரித்துப்போய்ச் சொன்னார். நானே தமிழ்மதியிடமும் மேனேஜரிடமும் போய்ப் பேசினேன். சாம்பிள் பாஸாகி, மொத்த ஆர்டருக்கு மிஷின்களை வரிசையாக லைன் போட்டால் முதல் மிஷினில் வெள்ளையம்மாள் அக்கா உட்காரட்டும் என்றேன். சரி என்றார்கள். இதுவரைக்கும் நான் நல்லவன்தான்.

ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மூன்று சாம்பிள் பீஸ் அனுப்ப வேண்டிய நாள். அக்கா பிசிறு வெட்டி, நகப்பூச்சு வைத்து, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். நான் துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பீஸுக்குப் பத்து முடிச்சு. ஒவ்வொன்றிலும் ரோஸ் கலரில் ஒரு திட்டு, அதிலிருந்து ஒரு நூல் மீசை. அருள்செல்வன் என்கிற நான் தைத்த துணியைத் திருப்பிப் பார்த்து ஒருத்தன் குறை சொன்னதில்லை. பையர் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பான், சிரிப்பானே என்று தோன்றியது. கத்திரியை எடுத்தேன். முப்பது முடிச்சையும் ஒட்ட வெட்டி, நகப்பூச்சையும் சுரண்டிவிட்டேன். பேட்டரி போட்டுப் பார்த்தேன், எல்லாம் எரிந்தது. அயர்ன் போட்டு, மடித்து, பார்சல் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

எட்டு நாள் கழித்து மூன்றும் திரும்பி வந்தன. ஐந்து தடவை துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மற்ற இரண்டில் ஒன்றிரண்டு மினுக்கி அணைந்தது. ஆர்டர் இல்லை என்று கடிதம். மேனேஜர் துணியைத் திருப்பி மேஜையில் பரப்பினார்.

"முடிச்செல்லாம் அவுந்து கிடக்குதுங்க. பிசிறை ஒட்ட வெட்டியிருக்காங்க. யாருங்க வெட்டுனது?"

"வெள்ளையம்மாக்காங்க" என்றாள் தமிழ்மதி. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பிசிறு வெட்டுவது அவர் வேலை. நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மூடிக்கொண்டேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அவிழ்ந்த முடிச்சை விரலால் தடவினார். "அரிசி நீளம் விட்டேன்னுதான் சார் நெனப்பு" என்றார். என்னைப் பார்த்தார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. நான் குனிந்து பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தேன். துணியை மேஜையில் வைத்துவிட்டு அவரே, "நகப்பூச்சு சலவையில போயிருக்கும். மறந்து ஒட்ட வெட்டிட்டேன் போல. பழகுன கைல்ல" என்றார்.

எங்கள் கம்பெனியில் புது டிசைன் வந்தால் முதல் பீஸைக் கைராசிக்காரர் யாரிடமாவது கொடுத்துத் தொடங்குவது வழக்கம். "இனிமே முதல் பீஸ் அந்தம்மா கைக்குப் போக வேண்டாமுங்க. ராசியில்லாத கை" என்று அவர் எதிரிலேயே மேனேஜர் சொன்னார். இப்போது நினைத்தாலும் அந்த ஆளை ஒரு அறை விடலாம் போல ஆத்திரம் வரும். அந்த அறை யாருக்கு விழ வேண்டும் என்பது அடுத்த நிமிஷமே ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம், போன ஆர்டர் திரும்பவா வரப்போகிறது, யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தேன். அக்கா மிஷின் பக்கமே வரவில்லை. மீதியிருந்த கம்பி நூலையும் பொட்டு அட்டையையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். தீபாவளிக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அங்கேயும் பிசிறுதான். அவர் போனபோது எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

இந்த வருஷம் நானும் கம்பெனி மாறினேன். புது இடத்தில் செக்கிங் மேஜையில் துணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆஷா. பாலிடெக்னிக் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அம்மா வேணாம்னுட்டாங்க மாஸ்டர். என் கைக்குக் கரண்டு ராசியில்ல, என் வயித்துல பொறந்த உனக்கும் அதே கைதான், எங்கயாச்சும் ஒரு சின்னத் தப்புல எத்தன பேரு பொழப்பு போயிரும்னு ஒரே அழுக. விண்ணப்பத்தக் கிழிச்சுட்டாங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "பரவால்ல மாஸ்டர், ஆவணில கல்யாணம்."

அன்று நான் தைத்த எதுவும் நேராக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆஷா கடைக்குப் போயிருந்தாள். அக்கா மட்டும் இருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். வெட்டினது நான்தானுங்க்கா என்றேன்.

"எந்த பீஸு?"

"மூணும்ங்க."

அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் சரியாத்தான் விட்டுருந்தேன்" என்றார். "எனக்கு ஞாபகம் இருந்துச்சு தம்பி. யோசிச்சு யோசிச்சு நானே அதப் பொய்யின்னு ஆக்கிக்கிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "மேனேஜர்கிட்ட, தமிழ்மதிகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லீர்றேனுங்க்கா. ஆஷாகிட்டயும் நானே சொல்றேனுங்க" என்றேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட வேணாம்."

"ஏனுங்க்கா?"

"அம்மா ராசி அம்புட்டுத்தான்னு மனசத் தேத்திக்கிட்டா. ஒண்ணுமே இல்லாததுக்கா எம் படிப்பு போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. தப்பு எம் மேலயே இருக்கட்டும் தம்பி. நீங்க வாயத் தொறந்துராதீக."

வாசலில் செருப்புச் சத்தம். பால் பாக்கெட்டோடு ஆஷா உள்ளே வந்தாள். "ஐ, மாஸ்டர்! என்ன இந்தப் பக்கம்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

"சும்மாதான் கண்ணு" என்றேன்.