என்னைவிடச் சின்ன அக்கா

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வயதுக்கு மரியாதை கிடையாது. சேர்ந்த தேதிக்குத்தான் மரியாதை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அம்மாவான நான், கல்யாணமே ஆகாத ஒரு பெண்ணை வாய் நிறைய “அக்கா” என்று கூப்பிட்டேன். காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் மெஷினில் எனக்கு வேலை பழக்க அவளைத்தான் போட்டிருந்தார்கள்.

மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறியதும் என் முதல் வேலை, ஜன்னலோர சீட்டில் டிபன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பது. பெரியபாளையத்தில் ஏறுவாள், ஒரு தேங்க்ஸ்கூட இல்லாமல் உட்காருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்து வைப்பேன். அவள் ஓகே சொன்னால்தான் நான் பர்மனென்ட். ஏற்கெனவே இரண்டு தடவை, என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து இனிக்க இனிக்கச் சிரித்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் பழகணும் சார்” என்று மேனேஜரிடம் தள்ளிப்போட்டிருந்தாள். இன்னொரு தடவை தள்ளினால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், ஒன்றைத் தவிர. மெஷினின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும்போது மட்டும் திரையை மறைத்துக்கொண்டு நிற்பாள். பாவம், என் தோள் உயரம்தான் இருப்பாள். எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். நானும் கூரையைப் பார்ப்பதுபோல் நின்றுகொள்வேன்.

அண்ணன் கல்யாணத்துக்கு அவள் ஆர்.கே.பேட்டை போயிருந்த சமயம், வார்த்த பாகங்களில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. பயந்துகொண்டே சூட்டை மாற்றினேன். கோடு போய்விட்டது.

அவள் திரும்பி வந்த அன்று மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

“செட்டிங்ல கைவைக்கச் சொல்லி உனக்கு யாருமா சொன்னது?” என்றார் என்னிடம்.

அவள் முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம். எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் என் கதை முடிந்தது.

“அக்காதான் சார். ஒண்ணு வுடாம சொல்லிக்குடுத்தாங்க.”

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். “பரவால்லியே! அப்ப இந்தம்மா ரெடியா?”

இல்லை என்று சொன்னால் அவள் கற்றுக்கொடுத்த லட்சணம் சந்தி சிரிக்கும்.

“ரெடி சார்.”

எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. வெளியே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மெஷின் வேலைலாம் நான் சொல்லிக்குடுத்தேன், சரி. இப்டி சிரிச்சிக்கினே ஆள மடக்குறியே, இத எங்க கத்துக்கின?”

“அதுவும் உங்ககிட்டதான்க்கா” என்றேன்.