இல்லையென்று சொல்லத் தெரியாதவர்கள்

தபேரா படிப்பதற்காகச் சுவா நகரத்தில் வந்திறங்கி மூன்று நாள் ஆவதற்குள் அவளுடைய குடை போய்விட்டது. ஐந்தாம் நாள் போர்வை போனது. இரண்டாம் வாரம் மின்விசிறி. திருடன் எவனும் வரவில்லை. வந்தவன் அவளுடைய பெரியப்பா மகன், அண்ணன் முறை, பெயர் பௌரோ. கல்லூரி விடுதிக்கு வந்து, வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசி, அவள் போட்டுக்கொடுத்த டீயை மூன்று குவளை குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போதுதான் சொன்னான்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒரு புபூசி."

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டால் முடிந்தது கதை. கிரிபாஸ் தீவுக்காரர்களிடம் புபூசி என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டுவிட்டால், இல்லையென்று சொல்லக் கூடாது. சட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. சொன்னால் வெட்கக்கேடு, அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்கம் சொன்னவளோடு நின்றுவிடுமா? அபேமாமா தீவில் மீன் காயப்போட்டுக்கொண்டிருக்கும் அவள் அம்மா வரைக்கும் போய்ச் சேரும், அதுவும் வாரம் இரண்டு முறை போகிற விமானத்துக்குக் காத்திருக்காமல்.

ஆகவே கொடுத்தாள். சுவாவில் குடையில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காலையில் மழை, மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் மறுபடி மழை. போதாக்குறைக்கு விடுதி குன்றின் உச்சியில் இருந்தது. தபேரா பிறந்த தீவில் ஏறுவதற்கு இருந்த ஒரே மேடு தேவாலயத்தின் ஐந்து படிகள். முதல் வாரம் அந்தக் குன்றில் ஏறும்போது, இந்த ஊர்க்காரர்கள் தண்டனையாக நடக்கிறார்களா, வேறு வழியில்லாமல் நடக்கிறார்களா என்று அவளுக்குப் புரியவில்லை. ஜூன் மாதக் காற்றில் மற்றவர்கள் கையில்லாச் சட்டையோடு திரிய, இவள் போர்வையும் இல்லாமல் இரண்டு துண்டைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள்.

அவளோடு அறையில் இருந்தவள் லெய்மாரா. வனுவாட்டுக்காரி, சட்டம் படிப்பவள், அதற்கேற்ற வாய்.

"இல்லன்னு சொல்லித் தொலையேன்டீ. செத்தா போயிடுவே?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கூடாது."

"அப்ப நீயும் போய் அவன்கிட்ட எதையாவது கேளு. அவனும் குடுக்கணும்தானே?"

தபேராவுக்கு முகம் சிவந்துவிட்டது. கேட்கலாம்தான். ஊரில் பெரிய மனுஷிகள் படகையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நேற்று வந்த சின்னப் பெண், அண்ணன் முறையானவன் எதிரில் போய் நின்று வாயைத் திறப்பதா? லெய்மாரா தலையில் அடித்துக்கொண்டு, தன் போர்வையில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும். குடையில்லாமல் நனையலாம், விசிறியில்லாமல் வேர்க்கலாம். ஆகஸ்டில் பௌரோ வந்து பூட்ஸைக் கேட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது அவள் அப்பாவின் பூட்ஸ். ஜெர்மன்காரன் சரக்குக் கப்பலில் பத்து வருஷம் உழைத்த மனிதர், மகள் படிக்கப் போகிறாள் என்றதும் தன் இரும்பு மூக்கு வைத்த கறுப்பு பூட்ஸைத் துடைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு கால், அது பெரிய அளவு. அதைப் போட்டுக்கொண்டு தபேரா வேதியியல் லேபுக்குள் நடந்தால் மேசையில் இருக்கிற குப்பிகள் கிணுகிணுக்கும். ஆனால் லேபுக்குள் விட்டார்கள். அதுதானே வேண்டியது?

ஏனென்றால் லேபின் வாசலில் பெர்மல் சார் நின்றிருப்பார். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்பு வெட்ட வந்த ஏதோ ஒரு பெருமாளின் கொள்ளுப்பேரன். தமிழில் அவரிடம் மிச்சமிருந்தது அந்தப் பெயரும் கோபமும்தான். வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கதவருகே நின்று, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார். மூடிய காலணி இருந்தால் உள்ளே. இல்லையென்றால் வீட்டுக்கு. மூன்று வியாழன் தவறினால் அந்தப் பாடத்தில் தோல்வி. பாடத்தில் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும், உதவித்தொகை நின்றால் விமானச் சீட்டு ஒன்று கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது தபேரா கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது.

பூட்ஸ் போன பிறகு வந்த முதல் வியாழன், ரப்பர் செருப்போடு போனாள்.

"பெருவிரல் தெரியுது. போ."

இரண்டாவது வியாழன் லெய்மாராவின் ஷூவில் காலைத் திணித்துக்கொண்டு போனாள். லெய்மாராவின் கால் கோழிக்குஞ்சின் கால். தபேராவின் குதிகால் முழுசாக வெளியே நின்றது.

"இதென்ன, ஷூவை இழுத்துக்கிட்டு வந்திருக்கே? குதிகால்ல ஆசிட் கொட்டினா உங்கப்பன் வந்து என் சட்டையப் பிடிப்பான். போம்மா."

இன்னும் ஒரு வியாழன்தான் பாக்கி. உதவித்தொகை வருவதற்கு அதற்கப்புறமும் ஒரு வாரம் இருந்தது. விடுதியில் அவள் கால் அளவுக்குப் பெண்கள் யாருமில்லை. ரக்பி ஆடுகிற ஒரு பையனிடம் இருந்தது, அதன் அடியில் ஆணி ஆணியாக இருந்தது. புதன்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் தபேரா தட்டில் இருந்த மரவள்ளிக்கிழங்கையும் டின் மீனையும் தொடவே இல்லை. ஊருக்குத் திரும்பினால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், வெறுமனே அவள் காலைப் பார்ப்பார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

"நாளைக்கு காலையில அந்தக் கொள்ளைக்காரன் வீட்டுக்குப் போறே," என்றாள் லெய்மாரா. "அவன் வாரிக்கிட்டுப் போன சாமான்ல ஒண்ணையாவது திருப்பிக் கேக்கறே. கேக்காம வந்தே, அறைக்குள்ள விடமாட்டேன்."

பௌரோ ராய்வாங்கா பேட்டையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்தான். வாராவாரம் தன்னிடமும், தன்னைப் போல நாலு பேரிடமும் வாரிக்கொண்டு போகிறவன், அறை ஒரு சின்னக் கடை மாதிரி இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தபேரா கதவைத் தட்டினாள். திறந்ததும் வாயைப் பிளந்தாள். உள்ளே ஒரு பாய். ஒரு குவளை. ஆணியில் ஒரு சட்டை. பௌரோவின் இடுப்பில் ஒரு கைலி. அவ்வளவுதான். ஜன்னலுக்குத் திரைகூட இல்லை.

"வா தங்கச்சி! உக்காரு. டீ போடலாம்னா அடுப்ப நேத்துதான் ஒருத்தன் கேட்டான்."

"என் குடை எங்கண்ணே?"

"பாதிரியார் பொண்ணு கேட்டா. ஆஸ்பத்திரிக்கு நடந்து போறாளாம், பாவம்."

"போர்வை?"

"புதுசா வந்த ரெண்டு பயலுங்க குளிர்ல கிடுகிடுன்னு நடுங்கினானுங்க."

"விசிறி?"

"கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கேட்டுட்டாளே."

"எங்கப்பா பூட்ஸ்?"

பௌரோ தலையைச் சொறிந்தான். "டெவீட்டா இருக்கான்ல, அவன் தம்பிக்குக் கல்யாணம். கல்யாணத்துல ரப்பர் செருப்போடயா போய் நிப்பான்? ஊருக்குப் போட்டுக்கிட்டுப் போனான்."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தான்."

அப்பாவின் பூட்ஸ் தனக்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டது. தபேராவுக்குச் சிரிப்பதா, அந்தக் குவளையை எடுத்து அவன் மண்டையில் போடுவதா என்று தெரியவில்லை.

"அவங்க எல்லாம் கேட்டா, என்கிட்ட ஏன்ணே வந்தே?"

"என்கிட்ட கேட்டாங்க. என்கிட்ட இல்ல. இல்லன்னு சொல்ல முடியுமா? அதான் உன்கிட்ட வந்து கேட்டேன்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துளி வெட்கம் இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று விளக்குகிறவன் மாதிரி சொன்னான்.

தபேரா லேப் விஷயத்தைச் சொன்னாள். மூன்றாவது வியாழன் என்றதும் பௌரோவின் முகம் மாறியது. பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"நீ புபூசின்னு சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

தபேரா அறையைச் சுற்றிப் பார்த்தாள். திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. பாயைக் கேட்டு என்ன செய்வது, காலில் சுற்றிக்கொண்டா போவது? எதிரில் இருப்பவன் அண்ணன் முறை. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, உன்கிட்ட ஒரு புபூசி."

பௌரோ நிமிர்ந்தான். சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். "கேளு. எது வேணும்னாலும் எடுத்துக்க."

"உன் வாயக் கேக்கறேன். இன்னிக்கு ரெண்டு மணிக்கு என்கூட லேபுக்கு வந்து, எனக்காக அந்த ஆள்கிட்ட ஒரு பூட்ஸ் கேட்டுக் குடு."

"யாரு, பெர்மல்கிட்டயா?" என்றான் பௌரோ. "வேற யார்கிட்ட வேணும்னாலும் கேக்கறேனே? போலீஸ்காரன்கிட்ட கேக்கறேன். பாதிரியார்கிட்ட கேக்கறேன்."

"பெர்மல் சார்கிட்ட."

ஊர்ப் பழக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டவன் எழுந்து, ஆணியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பேருந்தில் குன்றேறும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். தான் பெயரைச் சொல்லாமலே அவனுக்கு எப்படி அந்த ஆளின் பெயர் தெரியும் என்று தபேராவுக்கு அப்போது தோன்றவே இல்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லேப் வாசலில் இருபது பேர் நின்றார்கள். பெர்மல் சார் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தபேராவின் ரப்பர் செருப்பு அவர் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பு, அதற்கு மேல் கைலி.

"மூணாவது வாரம்மா," என்றார். குரலில் அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "நான் என்ன பண்ணட்டும்?"

பௌரோ ஓர் அடி முன்னால் வந்தான். "சார், உங்ககிட்ட ஒரு புபூசி. இவளுக்கு இன்னிக்கு ஒரு நாள் உங்க ஷூ வேணும்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம்," என்றார் பெர்மல் சார். "முப்பது வருஷமா உங்க தீவு ஆளுங்களப் பாத்துக்கிட்டிருக்கேன். நான் இல்லன்னு சொல்வேன். சொல்லவா?"

ஒரு முறை கேட்டாயிற்று; இரண்டாம் முறை கேட்பது பிச்சை. பௌரோ கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான். பெர்மல் சார் அன்றைக்கு முதல் முறையாகக் காலை விட்டு முகத்தைப் பார்த்தார்.

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனே?"

"பாத்திருக்கீங்க சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. மூணு வியாழக்கிழமை இந்தக் கதவு வரைக்கும் வந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. தபேரா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மேல்படிப்பு படிக்கிறான் என்றுதான் அபேமாமாவில் இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அம்மா தேவாலயத்தில் அதற்காக ஜெபம்கூடச் செய்கிறாள்.

"இப்ப என்ன பண்றே?" என்று கேட்டார் பெர்மல் சார்.

"துறைமுகத்துல பெட்டி இறக்கறேன் சார்."

பெர்மல் சார் கதவுப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலை மடிக்க முடியாமல் முனகிக்கொண்டே ஷூக் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு ஷூவையும் தபேராவின் முன்னால் நகர்த்திவிட்டு, "முன்னாடி கொஞ்சம் காகிதம் திணிச்சுக்க. போ, எல்லாரும் உள்ள போங்க," என்றார். எழுந்து அவரும் உள்ளே போகப் பார்த்தார்.

"சார்," என்றான் பின்னாலிருந்து ஒரு குசும்பன், "கால்ல ஷூ இல்ல."

பெர்மல் சார் தன் பழுப்புக் காலுறையைப் பார்த்தார். அதில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனை முறைத்தார். அப்புறம் மறுபேச்சில்லாமல் வெளியே போய் வராந்தா பெஞ்சில், பௌரோவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, திறந்த கதவு வழியாகக் கத்தி கத்திப் பாடம் நடத்தினார். கண்ணாடி போடு. குழாயை மெதுவாகத் திற. ஒவ்வொரு சொட்டாக விடு, உங்க வீட்டுக் கிணறா அது?

தபேரா கதவுக்குப் பக்கத்து மேசையில், இரண்டு ஷூவிலும் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, குடுவையைச் சுழற்றிச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். நிறம் மாறுவதற்காகக் காத்திருந்தபோது பெஞ்சிலிருந்து பேச்சுக் கேட்டது.

"ஏன்டா, ஆறு வருஷத்துக்கு முன்னாடியே இதக் கேட்டிருக்கலாம்ல? கழட்டிக் குடுத்திருப்பேனே."

ரப்பர் செருப்பு தரையில் தேயும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு எனக்குன்னு கேக்கணுமே சார். வெக்கமா இருந்துச்சு."

உள்ளே தபேராவின் குடுவையில் நாலைந்து சொட்டு அதிகமாக விழுந்து, வெளிர்சிவப்பாக நிற்க வேண்டிய நீர் ரத்தச் சிவப்பாகிப் பாழாய்ப் போனது.

"யாரும்மா அங்க மூக்க உறிஞ்சறது?" என்று வெளியிலிருந்து பெர்மல் சார் கத்தினார். "கொட்டிட்டு மறுபடி ஆரம்பி. நேரம் இருக்கு."