மீசைக்காரரை அக்கா என்று அழைத்தேன்

நாற்பத்திரண்டு வயதில் நான் வேலையை மாற்றினேன். அதற்கு முன் பத்தொன்பது வருடம் கூலிம் நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, விரல் நகத்தைவிடச் சின்னத் தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதைக் கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். குளுகுளு அறை, லூனாஸில் எங்கள் வீட்டு வாசலுக்கே வரும் தொழிற்சாலை பஸ், மாதம் முடிந்தால் சம்பளம். ஆனால் அங்கே யாரும் பேச வேண்டியதில்லை. முகக்கவசம் போட்டு அத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததில், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆளாகிவிட்டேன்.

கூச்சமில்லாமல் நான் செய்த ஒரே காரியம் கார் ஓட்டியதுதான்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது. பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர். லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தார். மேட்டில் காரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தடவையும் கார் பின்னால் உருண்டுவிட்டது.

"இந்தத் தடவையும் உருண்டுச்சுன்னா விட்டுருவேன் லா," என்றார் ஒருநாள். "பாலிங்ல இருக்கிற என் தங்கச்சி வா வான்னு கூப்புடுறா. ரெண்டு பஸ் மாறிப் போயி உக்காந்தா, டீ ஆர்றதுக்குள்ள திரும்பி வர்ற பஸ்ஸுக்கு நேரமாயிருது."

"சொல்லிக் குடுக்கறவரு என்னதான் சொல்றாரு?"

"கிளட்ச்ச விடு, விடுன்னு கத்துறாரு. எவ்ளோ விடணும்னு சொல்லமாட்டேங்கிறாரு."

புக்கிட் செலம்பாவில் என் கொழுந்தனாருக்குச் சின்னதாக, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு மண் மேடும் உண்டு. அடுத்த ஞாயிறு அக்காவை அங்கே கூட்டிப்போனேன். முதல் தடவை கார் பின்னால் போய், வெட்டி அடுக்கியிருந்த மட்டைக் குவியலில் சாய்ந்து நின்றது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அக்கா, கண்ணால பாக்காதீங்க. கால்ல கேளுங்க. கிளட்ச் பிடிக்கிற எடத்துல காடி லேசா நடுங்கும். அந்த நடுக்கம் தெரிஞ்சாப் போதும், அப்புறம் ஹேண்ட்பிரேக்க எடுங்க."

மூன்று ஞாயிறு இதையே செய்தோம். நாலாவது தேர்வில் அக்கா மேட்டைத் தாண்டினார். தேறிய கையோடு ஓட்டுநர் பள்ளி முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு சீனப் பெண்மணி. மறுநாளே தொலைபேசியில் மலாயில் கேட்டார்: "என்னிடம் சொல்லிக்கொடுக்க ஒரு பெண்கூட இல்லை. நீங்கள் வருகிறீர்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொண்டேன். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செம்பனை ஆலையிலிருந்து கணவர் வந்ததும் சொன்னேன்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு."

"காடி ஓட்டவா பயம்?"

"பேசறதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். "எங்கிட்ட பேசறதுல பாதிய அங்க போயிப் பேசு. போதும்."

ராஜினாமாக் கடிதத்தை எழுதி இரண்டு வாரம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் மலாய்க்காரர், நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவர். படித்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பிறகு, "அப்படியானால் முதலில் எனக்கு ரிவர்ஸில் பார்க்கிங் சொல்லிக்கொடு," என்று கையைப் பிடித்துக்கொண்டார். இருவர் கண்ணும் கலங்கியது.

பயிற்சியாளர் சான்றிதழுக்கு அலோர் ஸ்டாரில் ஒரு பயிற்சி. கடைசி நாள் அதிகாரி முன்பாக, உடன் பயின்ற இருபது பேரும் பார்க்க, மலாயில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு மாணவராக நடித்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, அதற்குத் தகுந்த தொப்பை. நான் இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள், அவர் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டன. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவப்பட்டோ என்னவோ, மனிதர் தாமாகவே காரைக் கிளப்பிக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். கார் குலுங்கி அணைந்தது. என் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. வாயும் தானாகப் பேசியது: "பெலான்-பெலான் லா, காக்."

மெதுவாக, அக்கா. புக்கிட் செலம்பாவில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, மலாயில் வந்து விழுந்துவிட்டது. வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மீசைக்காரர் குரலை மெலிதாக்கி, "பாய்க், சிக்கு," என்றார். சரிங்க டீச்சர் என்று அர்த்தம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு தடை இருக்கவில்லை. மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தையும் தேடாமல், அவருக்குக் கிளட்ச்சின் நடுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

அதிகாரி சிரிப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாணவர் அழுதால் என்ன செய்வீர்கள்?"

"ஓரமாக நிறுத்தச் சொல்வேன். தண்ணீர் கொடுப்பேன். அழுது முடித்ததும் மறுபடி கிளப்பச் சொல்வேன்."

தேறிவிட்டேன்.

தேறியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓட்டுநர் பள்ளியில் முதல் மாதம் ஒரு பெண் வளைவில் திருப்ப மறந்து, முன் சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கிவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மைக்ராஸ்கோப்பே பரவாயில்லை என்று புலம்பினேன். மறுநாள் காலையில் அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தாள். அவளுக்கே பயமில்லாதபோது எனக்கென்ன என்று ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது மூன்றாவது வருடம். தொண்டை அடிக்கடி கட்டிக்கொள்கிறது. ஜன்னலோரம் வெயில் பட்டுப் பட்டு இடது கை மட்டும் கறுத்துவிட்டது. புதிதாக யாராவது வந்தால் முதல் பத்து நிமிடம் இன்னமும் எனக்குக் கூச்சம்தான். அது அவர்களுக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு அம்மா தேறினார். வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். முடிவு தெரிந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சிக்கு, இன்னும் ஒரு ரவுண்டு போலாமா?"

"தேறிட்டீங்கம்மா. இனிமே எதுக்கு?"

"இத்தன நாளு தேறணுமேன்னு ஓட்டுனேன். ஒரு தடவ சும்மா ஓட்டிப் பாக்குறேன்."

சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். பயிற்சித் திடலை ஒரு சுற்றுச் சுற்றினோம். அதன்பிறகு இன்னொரு சுற்று. அன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை.