பாலிஷ் அக்கா கெடுத்த ரேசர்

பல்செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குப் பெயர் பாலிஷ் அக்கா. செய்து முடித்த செட்டைச் சுழலும் துணிச்சக்கரத்தில் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. கடுகளவு சொரசொரப்பு இருந்தாலும் ஈறு புண்ணாகி, செட்டு மறுநாளே திரும்பி வந்துவிடும். அவள் கையிலிருந்து போனது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமை!

வீட்டில் அவளும் அம்மாவும் அப்பாவும். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கால் ஒருவழியாகத் தேறிவிட்டது. வலது கை மூடும், திறக்கும். ஆனால் எதைத் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

தாடி கழுத்தை மறைத்தது. மனுஷன் வாசல் பக்கமே வருவதில்லை. சவரத்துக்கு ஆளைக் கூட்டி வந்தால், "பொணத்துக்குத்தான்யா அடுத்தவன் சவரம் பண்ணணும். எனக்கு இன்னும் உசிரு இருக்கு" என்று விரட்டிவிட்டார். பிளாஸ்டிக் ரேசர் வாங்கித் தந்தாள். அதைத் தூக்கி எறிந்தார். "எடையே இல்ல. கையில இருக்கா, விழுந்துடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" இடது கையால் செய்து பாருங்களேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அம்மா.

அந்த அம்மாதான் பீரோவைக் குடைந்து அவருடைய பழைய பித்தளை ரேசரை எடுத்தாள். அடியிலுள்ள திருகைத் திருப்பினால் தலையில் இரண்டு கதவு திறந்து பிளேடை வாங்கிக்கொள்ளும். இப்போது கதவு அசையவில்லை. சோப்பும் உப்புக்கறையும் கல்லாக இறுகியிருந்தன. அப்பா அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது சரியாச்சுன்னா நானே பண்ணிக்குவேன்" என்றார். ஐந்து மாதத்தில் அவர் வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

"நாளைக்கே புதுசாக்கித் தர்றேம்ப்பா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லேபிலேயே உட்கார்ந்தாள். வெந்நீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்ச நேரம் வினிகரில் போட்டு எடுத்தாள். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். கதவு முரண்டு பிடிக்காமல் திறந்தது. அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? கைப்பிடி முழுக்க நெருக்கமாக வரி வெட்டியிருந்தது, வரிக்குள் அழுக்கு. விரலால் தடவினாள். சொரசொரத்தது. அவ்வளவுதான், கை தானாகச் சக்கரத்துக்குப் போய்விட்டது. முதலில் கல் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். வரியெல்லாம் மழுங்கிக் கைப்பிடி கண்ணாடிபோல் ஆனது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் அப்பா தானே கத்தரியால் தாடியைக் குறைத்துக்கொண்டு, கன்னத்தில் நுரை பூசிக் கண்ணாடி முன் உட்கார்ந்தார். வலது கையால் ரேசரைத் தூக்கினார். ஈர விரல்களில் வழுக்கி அது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை இடது கட்டைவிரலால் கைப்பிடியைத் தடவினார்.

"இதுல இருந்த வரி எங்கம்மா?"

பிடி வழுக்காமலிருக்க வெட்டிய வரி அது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளதும் போச்சு! "நான்தாம்ப்பா... தேச்சுட்டேன்."

மூக்குநுனியில் கோபத்தை வைத்திருக்கிற மனுஷன், "பரவால்ல விடும்மா. போதும்" என்று நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் பல்செட்டுக்கு ஈறு செய்யும் பவுடரையும் திரவத்தையும் லேபிலிருந்து கொண்டுவந்தாள். பிளேடைக் கழற்றிவிட்டு, இரண்டையும் மாவாகக் குழைத்துக் கைப்பிடியைச் சுற்றி அப்பினாள்.

"என்னடி இது, ஈறாட்டம் இருக்கு?" என்றாள் அம்மா.

"ஈறுதாம்மா. எங்ககிட்ட வேற கலரு கிடையாது."

மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அப்பாவின் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "இறுகுற வரைக்கும் விடாதீங்க. உங்க விரல் பள்ளம் அப்படியே நின்னுடும். அப்புறம் வழுக்காது."

"மரக்கட்டையில எதை வச்சா என்ன" என்றார். ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த மாவு இறுகும்போது சூடேறும். லேபில் யாரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் புருவம் சுருங்கியது. "என்னம்மா இது, சுடுது?"

"எங்கப்பா?"

"கையில." மூடிய கையையே குனிந்து பார்த்தார். "உள்ளங்கையில சுடுதும்மா!"

"ஐயோ, விடுங்கப்பா, கொப்பளிச்சிடப் போகுது!" என்று விரல்களைப் பிரிக்கப் போனாள்.

அவர் கையை மார்போடு இழுத்துக்கொண்டார்.

"இரும்மா. இன்னும் கொஞ்சம் சுடட்டும்."