கை பார்த்து விற்ற சிகரெட்

ஸுலைஹாவுக்கு சிகரெட் வாடையே ஆகாது. ஆனால் கற்பிட்டியில் கரைவலை மீனவர்கள் தங்கும் வாடிகளுக்கு நடுவே இருக்கும் அவளது கடையில் அதிகம் ஓடுவது அதுதான்.

போன வருஷம் இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவனுக்கு விற்றது வழக்காகிக் கோட்டில் நின்றாள். "இனி உங்களை இங்கே காணக் கூடாது" என்றார் நீதவான். கண்டால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸுலைஹா ஒழுங்காகத் தூங்கியிருப்பாள்.

சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைப் பார்க்கலாம். ஆனால் பருவத்துக்குச் சிலாபம் பக்கமிருந்து வரும் வலைக்காரர்களின் அட்டைகளையெல்லாம் வலை முதலாளியான சம்மாட்டி வாங்கித் தன் பெட்டியில் பூட்டிவிடுவார். முற்பணம் வாங்கியவன் ஓடிவிடக் கூடாதல்லவா. வருகிறவை எல்லாம் வெயிலில் கறுத்த, வயது பிடிபடாத புதுமுகங்கள். போதாததற்கு, சுகாதாரப் பரிசோதகர்கள் பொடியன்களை அனுப்பி வாங்க வைத்துப் பிடிக்கிறார்களாம் என்றொரு கதை வேறு.

ஆகவே ஸுலைஹா தானே ஒரு சோதனை கண்டுபிடித்தாள். "கையக் காட்டுங்க" என்பாள். உள்ளங்கையில் வலைக்கயிறு அறுத்த தழும்பு இருந்தால் சிகரெட். மெத்தென்ற கை என்றால் இல்லை. வேவு பார்க்க வருகிறவன் கயிறா இழுத்திருப்பான்?

ஒரு செவ்வாய்க்கிழமை ஜூட் என்றொரு வலைக்காரன் நீட்டிய கை தேங்காய்ப் பொச்சு மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. இரண்டு கொடுத்தாள். அவன் நகருமுன்னே இன்னொருவன் வந்து சிகரெட் கேட்டான். மெத்தென்ற கை.

"தரமாட்டன் தம்பி. ஒங்கட கை சரியில்ல."

வந்தவன் சிரித்தபடி அட்டையை எடுத்து நீட்டினான். றிம்ஸான், வயது இருபத்தெட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பிறகு ஜூடின் பக்கம் திரும்பினான்.

"ஐடென்டியக் காட்டுங்க."

"சம்மாட்டிட்ட, சேர்."

"வயசு?"

"இருவத்திரண்டு." ஜூட் ஸுலைஹாவைப் பார்த்தான்.

றிம்ஸானும் பார்த்தான். "சரிதானா மாமி?"

ஓம் என்றால் தப்பிவிடலாம். அப்போதுதான் அவள் ஜூடின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தாள். மேலுதட்டில் பூனைமயிர்கூட இல்லை.

"நான் கையத்தான் பாத்தன் சேர். மொகத்தப் பாக்கல்ல."

றிம்ஸான் எழுதினான். வழக்குக்கு வரவேண்டிய நாளைச் சொன்னான். ஜூடின் சிகரெட்டில் ஒன்றைச் சான்றாகக் கடதாசி உறையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான்.

"உண்மையா எத்தன வயசு?" என்று ஸுலைஹா ஜூடைக் கேட்டாள்.

"பதினேழு."

"கயிறு இழுக்கத் தொடங்கி?"

"நாலு வருஷம்."

பதின்மூன்று வயதில் அவன் கையில் கயிற்றைக் கொடுத்தவரை இதுவரை யாரும் கோட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஸுலைஹா கையை நீட்டினாள்.

"மத்த சிகரெட்டத் தா."

"காசு குடுத்துத்தானே வாங்கின மாமி?"

"கோட்டுல நிக்கப் போறது நீயா நானா?"

கொடுத்தான். நீதவான் கேட்டால் என்ன சொல்வது என்று அவனிடமே கேட்டாள். அவன் மறுபடியும் கையை விரித்துக் காட்டினான்.