ஒரு தோள் குறைந்தபோது

ஒடுகத்தூருக்கு மேலே, மலைப்பாதைத் திருப்பத்தில் நான்கு பேர் டோலியை இறக்கி வைக்கிறார்கள். அதில் பிரசவ வலியில் ஒரு பெண். அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக, மலைமேல் போய்க்கொண்டிருந்த எங்கள் ஜீப்பைத் திருப்புவதற்குள், கூட வந்த பெண்கள் மறைவாகப் பிடித்த சேலைகளுக்குப் பின்னால் குழந்தை வீறிடுகிறது.

"பொட்டப்புள்ள! தாயும் நல்லாக்கீறா!" என்று ஒருத்தி கத்துகிறாள்.

டோலி தூக்கியவர்களில் இருவர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒருவர் குழந்தையின் அப்பா.

"இன்னொருத்தர் அவர் தம்பிங்களா?" என்று டோலியோடு நடந்து வந்த அவர்கள் ஊர்ச் சபை உபதேசியாரைக் கேட்கிறேன்.

"இல்லீங்க. நெலத் தகராறுல ரெண்டு வருசமா பேச்சே இல்ல. கோயில்லகூட ஆளுக்கொரு மூலை. நானும் பிரசங்கம் பண்ணியே ஓஞ்சிட்டேன். காலையில டோலி தூக்க ஒரு தோள் கொறஞ்சுது. இவரு கூப்புடாமயே வந்து நின்னாரு. இது கர்த்தர் வேலைங்க, என் வேலை இல்ல" என்று சிரிக்கிறார்.

அப்பா குழந்தையை வாங்கி, முதலில் அந்த மனிதரின் கையில்தான் கொடுக்கிறார்.